நான் எழுதாத கொண்டை ஊசி

1

இந்தக் கதை எனக்கு ஒரு கதவிலிருந்து கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இதை எங்கே பிடித்தாய் என்று யாரும் கேட்க வேண்டாம்.

தோள்பட்டை வலிக்காக ஒரு மறுவாழ்வு மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். குனிந்து உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு வரும் வலிதான், பெருமைப்பட ஒன்றுமில்லை. வாசலில் ஒரு கண்ணாடிக் கதவு. அதைத் திறந்து பிடித்தபடி ஒருவர் நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, வழித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை. "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். சிகிச்சை முடித்து, மருந்துச் சீட்டு வாங்கி, தெரிந்த ஒருவரிடம் வம்பளந்துவிட்டுத் திரும்பி வந்தால், மனிதர் அதே கதவை அதேபோலப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். யாரோ சக்கர நாற்காலியில் போவதற்காகப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாற்காலி எப்போதோ போய்விட்டது. விடச் சொல்ல மறந்துவிட்டார்கள். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"போதுங்க, விட்டுடுங்க" என்றேன்.

உடனே விட்டார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பிறகு அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அதில் நன்றியும் இல்லை, எரிச்சலும் இல்லை. அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்கிற பார்வை. பெயர்கூடத் தெரியாத ஆள், என் வாயிலிருந்து வரப்போகும் அடுத்த சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள்.

"ஐயோ, இன்னுமா புடிச்சிட்டு நிக்கிறீங்க? வாங்க. இங்க உக்காருங்க."

போய் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் ஆரம்பம்:

"அவள் கணவர் சாரத்திலிருந்து விழுந்த அன்று விடாமல் மழை—"

வேண்டாம். யாராவது விழுந்தால் உடனே மழையைக் கூப்பிட்டுவிடுவது எங்கள் தொழிலில் உள்ள கெட்ட பழக்கம்.

இரண்டாவது:

"மூளையின் முன்பக்கத்தில் பலமாக அடிபட்டவர்களில் சிலருக்கு, எதையும் தாமாகத் தொடங்கும் திறன்—"

விஷயம் சரிதான். ஆனால் இதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்கு யார் வருவார்கள்?

மூன்றாவது:

"அவர் தேநீர்க் கோப்பையை உதட்டருகே கொண்டுபோனார்—"

இந்த இடத்தில் போன் வந்தது. எழுந்து போனவன்தான், அப்புறம் வெளியூர் வேலை, அது இது என்று சில நாட்கள் இந்தப் பக்கமே வரவில்லை. திரும்ப வந்து திறந்து பார்த்தால் அவர் அப்படியே இருந்தார். கோப்பை உதட்டருகே. தேநீர் ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது.*

அவசர அவசரமாக "குடித்தார், கோப்பையைக் கீழே வைத்தார்" என்று சேர்த்தேன். அன்றிலிருந்து அவரை எங்கேயாவது வசதியாக உட்காரவைத்துவிட்டுத்தான் எழுந்து போகிறேன். சிரிக்காதீர்கள். உங்களுக்கும் அந்தப் பார்வை கிடைத்திருந்தால் தெரியும்.

[* ஆடை படிந்தது என்று நான் எழுதியிருக்கவில்லை. அப்போது இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.]

3

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கண்ணாடி பொருத்தும் தொழில். ஜன்னல், கடை முகப்பு, குளியலறைத் தடுப்பு என்று ஊரில் பாதிக் கண்ணாடி அவர் கை பட்டதுதான். (கண்ணாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதால் இந்தத் தொழிலைக் கொடுத்தேன். சோம்பேறித்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.) அவளுக்கு டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கும் வேலை. பழகுகிறவர்கள் எல்லோரும் அவளை டீச்சர் என்பார்கள். வீட்டில் அவரும் கிண்டலாக அப்படியே கூப்பிடுவார். நாமும் கூப்பிடலாம்.

டீச்சருடைய காரில் இரண்டு பக்கமும் பிரேக் உண்டு. நாள் முழுக்க அவள் வேலை சொல்வதுதான். கிளட்ச்சை மிதி, கண்ணாடியைப் பார், இண்டிகேட்டர் போடு, இப்போது திரும்பு. புதிதாக வருகிறவர்கள் அவள் சொன்னால்தான் செய்வார்கள். அவள் காத்திருப்பது ஒரே ஒரு நாளுக்காக. தெரு முனை வரும், இவள் கால் பிரேக்குக்கு மேலே தயாராக நிற்கும், வாய் திறப்பதற்குள் அந்தப் பக்கம் தானாக வேகத்தைக் குறைப்பார்கள். அன்றைக்கு அவளுக்கு வண்டியிலிருந்து இறங்கி ஒரு குதி குதிக்கலாம் போல இருக்கும்.

சாரத்திலிருந்து விழுந்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்த கணவர், சொன்னால் செய்பவராக இருந்தார். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. பசித்தாலும் எழுந்து வரமாட்டார். சாப்பிடுங்க என்றால் சாப்பிடுவார், போதும் என்னும்வரை. பேச்சு உண்டு, நினைவு உண்டு, கணக்குப் போட்டால் சரியாக வரும். எதையும் ஆரம்பிக்கிற அந்த ஒன்றுதான் இல்லை. முன்பு வாய் ஓயாத மனிதர். குளிக்கும்போதுகூட உள்ளேயிருந்து ஏதாவது வம்பு பேசிக்கொண்டே குளிப்பார்.

பார்க்க வந்த அவள் அக்காவுக்கு இது புரியவில்லை. "சொன்ன பேச்சு கேக்குற புருஷன்டி! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, ஒரு லைட்ட அணைக்கச் சொன்னா காதுல விழாத மாதிரி கெடக்கும். குடுத்து வச்சவ நீ."

டீச்சரும் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

4

இனி வருவதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். படுக்கையறைக் கதவை வாசகருக்குத் திறந்துவிடுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்தக் கதை அங்கேதான் இருக்கிறது. சுற்றி வளைத்தால் ஏமாற்று வேலையாகிவிடும்.

அவர்களுக்குள் ஒரு சாடை இருந்தது. அவள் வலது கையில்தான் கடிகாரம் கட்டுவாள். தோல் வார். வீட்டுக்கு வந்ததும் கழற்றி வைப்பது வழக்கம். சில நாட்களில் அதைக் கழற்ற விடாமல், பின்னால் வந்து அவரே அந்த வாரின் நுனியை வளையத்திலிருந்து மெதுவாக உருவுவார். அவ்வளவுதான். பேச்சே கிடையாது. ஓயாமல் பேசுகிற மனிதர் அந்த நேரத்தில் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். அவள் கையை நீட்டிக் கொடுத்தால் சரி என்று அர்த்தம், இழுத்துக்கொண்டால் இன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து ஆரம்பிப்பது அவர்தான். அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, கேட்க வேண்டியும் வந்ததில்லை.

அவர் வீடு திரும்பி உடம்பு தேறிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் அவளாகக் கேட்டாள். ஒரு முத்தம் கொடுங்க என்றாள். கொடுத்தார். சரியான இடத்தில், சரியான அழுத்தத்தில், தபாலில் முத்திரை குத்துவதுபோல. கட்டிக்கோங்க என்றாள், கட்டிக்கொண்டார். உடம்பு ஒழுங்காகத்தான் வேலை செய்தது, அதில் குறையில்லை. அவளுக்கும் இத்தனை நாள் ஏக்கம். ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"மெதுவா... இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்... அவ்வளவுதான், அப்படியே..."

திடீரென்று தன் குரல் அவள் காதில் விழுந்தது. காரில் பேசுகிற குரல். காலையில் ஒரு கல்லூரிப் பையனுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்த அதே குரல்.

"நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினார். சிவப்பு விளக்கைப் பார்த்த வண்டி மாதிரி, இருந்த நிலையில் அப்படியே. முகத்தில் ஏமாற்றமும் இல்லை, நிம்மதியும் இல்லை. அவள் முகத்துக்கு மிக அருகில் அந்தக் கண்கள் அடுத்ததற்காகக் காத்துக்கொண்டிருந்தன. அந்த உடம்புக்குள் ஆள் இருக்கிறாரா, வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. தன் கணவரிடம் அவளுக்கு வந்த முதல் பயம்.

"உங்களுக்கு ஆசை இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"நெஜமா சொல்லுங்க. ஆசை இல்லையா?"

"இல்ல."

இதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது, இதுவே இந்தக் கதையும். அவருக்கு நான் வேண்டுமா, இல்லை நான் சொல்வதால் வேண்டுமா? சொல்வதால் மட்டும் என்றால், நான் செய்துகொண்டிருப்பதற்குப் பேர் என்ன?

5

(டாக்டர் வரும் பகுதி. நான் எழுதும் டாக்டர்கள் எல்லோரும் பிரசங்கம் செய்வார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. இவரைக் கூடுமானவரை பேசவிடாமல் பார்த்துக்கொண்டேன். முடியவில்லை.)

கேட்கக் கூச்சம். மூன்று தடவை போய், தூக்கம், மலச்சிக்கல் என்று வேறு எதையெதையோ கேட்டுவிட்டு வந்தாள். நாலாவது தடவை டாக்டரம்மாவே பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எப்படிம்மா இருக்கு? இத யாரும் கேக்க மாட்டாங்க, அதனால நானே கேக்குறேன்."

டீச்சர் எல்லாவற்றையும் கொட்டினாள். டாக்டரம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

"ஆசை செத்துப்போச்சுன்னு நெனைக்காதீங்க. கார் தெரிஞ்சவங்க நீங்க. இஞ்சின் நல்லா இருக்கு, செல்ஃப் எடுக்கல. அவ்வளவுதான்."

"அப்ப தள்ளி ஸ்டார்ட் பண்றது தப்பா டாக்டர்?"

"தள்ளுறது தப்பில்லம்மா. ஆனா நிறுத்துறதுக்கு அவருக்கும் ஒரு வழி இருக்கணும்."

"எங்க வண்டியில ரெண்டு பக்கமும் பிரேக் இருக்கும்."

"அதேதான். அவர் பக்கமும் ஒண்ணு வைங்க. வேணாம்னா கையால ரெண்டு தட்டு. பழக்கப்படுத்துங்க, நாளாகும். அவர் சாப்பிடுற மாத்திரையில ஒண்ணு ஆசையக் கொறைக்கும், அத மாத்திப் பாக்கலாம். சாயங்காலம் ஆனா மூளை களைச்சுடும், அதனால காலையில பாருங்க. அப்புறம் முக்கியமா ஒண்ணு. செய்யுங்கன்னு சொல்லாம, பக்கத்துல போய்ச் சும்மா இருங்க. நீங்க நெனைக்கிறத விட ரொம்ப நேரம் சும்மா இருக்கணும். அது கஷ்டம்."

வீட்டில் பழக்கினாள். "வேணாம்னா இப்படி ரெண்டு தட்டு தட்டணும், சரியா?" என்றதும் இரண்டு தட்டு தட்டினார். "இப்ப இல்லீங்க, வேணாம்னு தோணும்போது" என்றாள். தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஆனால் அந்தக் கடிகார வார் விஷயத்தை மட்டும் அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. அவரிடமும் ஞாபகப்படுத்தவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அதுவும் கட்டளையாகிவிடும். அவர்களுக்கென்று கட்டளை படாத பொருள் அந்த வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம்.

6

ஒரு விடுமுறை நாள், மத்தியானம். காலையெல்லாம் தலைவலி. அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் அவர் தொடைமேல் தலை வைத்துப் படுத்தாள்.

"கொஞ்சம் தலையக் கோதி விடுங்க."

கோதினார். இதமாக இருந்தது. பழைய நாள் மாதிரியே இருந்தது. அப்படியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது சுவரில் இருந்த வெயில் தரைக்கு இறங்கி, கதவு வரைக்கும் போயிருந்தது. தலை எரிந்தது. கை இன்னும் கோதிக்கொண்டிருந்தது. நெற்றியிலிருந்து பின்னால், மறுபடி நெற்றியிலிருந்து பின்னால். அண்ணாந்து பார்த்தாள். அவர் முகம் வேர்த்திருந்தது, உதடு காய்ந்திருந்தது, தோள் வெடவெடவென்று நடுங்கியது. கண்கள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தன.

"போதும்! ஐயோ, போதும் போதும்!"

கை அந்தரத்தில் நின்றது. அவள் எழுந்து அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். போதும் என்று சொல்லாமல் தூங்கிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இத்தனை நேரம், தான் தூங்கிக் கிடக்க, தலைமேல் ஓடிக்கொண்டிருந்தது யார் கை? நினைக்க நினைக்க உடம்பு கூசியது. கூசியதற்காக இன்னொரு பாட்டம் அழுதாள்.

இந்தப் பகுதியை எழுதி முடித்து ஒரு தோழியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "எல்லாம் சரி, கொண்டை ஊசியோட படுக்க வச்சிருக்கியே, அதோட எப்படித் தலை கோதுறது? குத்தாதா? பொம்பளைங்கள ஒரு நாளாவது பாத்திருக்கியா நீ?" என்றாள். உண்மைதான். அந்தப் பத்தியில் முதலில், கொண்டையை ஊசியால் செருகிக்கொண்டு படுத்தாள் என்று எழுதியிருந்தேன். சுத்தமான கவனக்குறைவு. திருத்துவதற்காக அந்த இடத்தைத் திறந்தேன்.

ஊசி தலையில் இல்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம், அவர் கைக்கு எட்டும் முக்காலியில் இருந்தது. விழுந்திருந்தால் தலையணையிலோ தரையிலோ கிடக்கும். இது எடுத்து வைத்தது. முனை சுவர்ப் பக்கம் பார்த்து இருந்தது. கண்ணாடிக்காரர் தன் வெட்டுக் கத்தியை எங்கே வைத்தாலும் அப்படித்தான் வைப்பார், போகிற வருகிற யாருக்கும் கீறிவிடக் கூடாது என்று.

அவள் எடுக்கச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

டீச்சரும் அதைப் பார்த்துவிட்டாள். அழுகை நின்றது. முக்காலியையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கேள்வி வாய்வரை வந்தது. ஆனால் "நீங்களா எடுத்தீங்க" என்று கேட்டால் எடுத்தேன் என்பார், "நீங்க எடுக்கலையா" என்றால் எடுக்கலை என்பார். கேட்டால் கெட்டுவிடும். அவள் கேட்கவில்லை. அக்காவிடமும் டாக்டரிடமும் சொல்லவில்லை. ஊசியை அங்கிருந்து எடுக்கவுமில்லை.

7

முடிவுகள். கையில் மூன்று இருந்தன.

ஒன்று: விடுமுறை நாள், காலை நேரம். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரம் கட்டிய கையை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறாள். நான் எழுதினேன்: "அவர் கை மெல்ல நகர்ந்தது. வாரின் நுனியைப் பற்றியது." அடுத்த வரியில் அவள் அழ வேண்டும், ஆனந்தமாக. அவள் அழவில்லை. தலையை நிமிர்த்தினாள்.

"யாரு சொன்னது?"

அவள் அவரைப் பார்த்துக் கேட்கவில்லை.

"நான் சொல்லல. யாரு சொன்னது?"

ஜன்னலைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு நான் இருக்கும் பக்கம் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டேன். அவள் இன்னொரு கையால் கடிகாரத்தை மூடிக்கொண்டாள். பொம்மையின் கையை வைத்து விளையாடுவதுபோல அவர் கையை வைத்து விளையாடியவனைப் பார்க்கிற பார்வை. அத்தனையையும் அழித்தேன்.

இரண்டு: பொறுமை போய் அவளே "கழட்டுங்க" என்கிறாள். கழற்றுகிறார். நன்றாகவே வந்திருந்தது, துக்கமாக, கச்சிதமாக. பத்திரிகைக்கு அனுப்பினால் உடனே போடுவார்கள். ஆனால் அவளிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டு நான் பேர் வாங்குவதா? அழித்தேன்.

மூன்று: "அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு, அக்கா வீட்டுக்குப்—"

இதை வாக்கியத்தோடேயே விட்டுவிட்டேன். அவள் போய்விட்டால் அவரை யார் எழுந்திருக்கச் சொல்வது? நான் கதையை முடித்துவிட்டுத் தூங்கப் போயிருப்பேன். அவர் உட்கார்ந்தே இருந்திருப்பார்.

8

ஆகவே இப்போது நிலவரம் இது.

காலை. ஜன்னலில் அவர் என்றோ பொருத்திய கண்ணாடி, அதன் வழியாக வெயில். புது மாத்திரை தொடங்கிச் சில வாரங்கள் ஆகிவிட்டன. அவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். இடது கை காலியாக இருக்கிறது, வேண்டாமென்றால் தட்டுவதற்கு. அவள் பக்கத்தில். கடிகாரம் கட்டிய மணிக்கட்டு விரிப்பின்மேல், இருவருக்கும் நடுவில். வாரின் நுனி வளையத்துக்குள் செருகியிருக்கிறது. தெரு முனையை நெருங்கும்போது காரில் உட்கார்ந்திருப்பதுபோல அவள் உட்கார்ந்திருக்கிறாள். கால் பிரேக்குக்கு மேலே, ஆனால் மிதிக்காமல். அவளுக்கு அவர்மேல் அவ்வளவு ஆசையாக இருக்கிறது. அதைச் சொல்லாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் இதற்கு மேல் அவர்களுக்கு ஒரு வரியும் எழுதப் போவதில்லை. நகர்ந்தது என்று எழுதினால் நகர்த்தியது நான். நகரவில்லை என்று எழுதினால் தடுத்ததும் நான். அந்த அறையில் வேலை சொல்கிறவர்கள் ஏற்கெனவே அதிகம். ஒவ்வொரு நாள் காலையிலும் ஃபைலைத் திறந்து எட்டிப் பார்க்கிறேன், எதையும் தொடாமல் மூடிவிடுகிறேன். இருவரும் அப்படியே இருக்கிறார்கள். வெயில் மட்டும் இடம் மாறுகிறது. அதையும் நான் எழுதுவதில்லை.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நீங்களும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். மனசுக்குள்கூட வேண்டாம். "எடுப்பா, அந்த நுனியை உருவு" என்று உங்களுக்கும் தோன்றும், எனக்குத் தெரியும். அடக்கிக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் நேற்றுவரை அந்த நுனி வளையத்துக்குள்தான் இருந்தது. இன்று காலை பார்த்தேன். வெளியே வந்திருக்கிறது, நகத்தளவு. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் இல்லை. அவளும் இல்லை.

நீங்கள் ஏதாவது சொன்னீர்களா?